கரை தேடி வரும் பங்குனி ஆமை

நுழையும்முன்

கடலிலேயே வாழும் ஆமை, முட்டையிடுவதற்கு மட்டும் கரையை நம்பி வருகிறது. அக்கரை பாதுகாப்பானதாக இல்லாத நிலையில் மனிதர் அமைத்த மாற்றிடமே குஞ்சு பொரிப்பகம். அதன் பணியையும் எல்லையையும் அறிவோம்.

சென்னை பெசன்ட் நகர்க் கடற்கரையில், சனவரி முதல் ஏப்ரல் வரையிலான காலத்தில், வேலியிட்ட சிறு மணற்பரப்பு ஒன்றைக் காணலாம். அதனுள் வரிசையாகக் குழிகள். ஒவ்வொன்றின் அருகிலும் முட்டைகள் எடுக்கப்பட்ட நாளையும் எண்ணிக்கையையும் குறிக்கும் அடையாளம். இவை பங்குனி ஆமைகளின் முட்டைகள். பங்குனித் திங்களை ஒட்டி மிகுதியாகக் கரையேறுவதால் இப்பெயர் பெற்றது.

இரவில் கரையேறும் பெண் ஆமை, ஏறத்தாழ ஒன்றரை அடி ஆழத்தில் குடம்போன்ற குழி தோண்டி, நூறு அல்லது அதற்கும் மேற்பட்ட முட்டைகளை இடும். குழியை மூடிவிட்டுக் கடலுக்குத் திரும்பிவிடும். நாய்களும் நரிகளும் அம்முட்டைகளைத் தோண்டித் தின்னும். எனவே, தன்னார்வலர்கள் நள்ளிரவில் கடற்கரையில் நடந்து, ஆமையின் தடத்தைக் கொண்டு குழியைக் கண்டறிந்து, முட்டைகளைப் பொரிப்பகத்திற்குக் கொண்டுவருகின்றனர். 1970களில் சென்னையில் தொடங்கிய இம்முயற்சியை, 1988 முதல் மாணவர்கள் அமைப்பாக இணைந்து தொடர்கின்றனர். வனத்துறையும் இப்பணியில் ஈடுபட்டுள்ளது.

முட்டைகளை விரைந்து இடம்மாற்ற வேண்டும். கரு ஓட்டின் உட்புறத்தில் ஒட்டிக்கொண்டபின் முட்டையைப் புரட்டினால் கரு அழிந்துவிடும். மணலின் வெப்பமே குஞ்சின் பாலினத்தை முடிவு செய்கிறது. வெப்பம் மிகுந்தால் பெண் குஞ்சுகளும், குறைந்தால் ஆண் குஞ்சுகளும் மிகுதியாகப் பிறக்கும். ஆகவே, குழியின் ஆழமும் நிழலும் கவனத்திற்குரியவை.

ஏறத்தாழ 45 முதல் 60 நாள்களில் குஞ்சுகள் வெளிவருகின்றன. அவற்றை நீரில் நேரடியாக விடுவதில்லை. அலைக்குச் சற்று முன்னே மணலில் விடுகின்றனர். ஒளி மிகுந்த திசையையே கடல் எனக் கொள்வது அவற்றின் இயல்பு. கரையோரத் தெருவிளக்குகள் அவற்றை ஊர்ப்பக்கம் ஈர்த்துவிடுகின்றன.

பொரிப்பகம் கரையில் உள்ள இடரை மட்டுமே நீக்கும். 2025 சனவரியில் சென்னைக் கடற்கரையில் நூற்றுக்கணக்கான ஆமைகள் இறந்து ஒதுங்கின. ஆமை நுரையீரலால் மூச்சுவிடும் உயிரி. இழுவலையில் சிக்கி மேலே வர இயலாவிடில் மூச்சுத்திணறி இறக்கும். வலையிலிருந்து ஆமை வெளியேற வழிசெய்யும் கருவிகள் உள்ளன. கரையை ஒட்டிய பகுதியில் இழுவலைப் படகுகளுக்குத் தடையும் உள்ளது. இவை முறையாகப் பின்பற்றப்படாவிட்டால், மணலில் காத்த உயிரை நாம் நீரில் இழப்போம்.

பெண் குஞ்சு வளர்ந்து முட்டையிடும் பருவத்தை எட்டப் பத்தாண்டுகளுக்கும் மேலாகும். அப்போது அது தான் பிறந்த கரைப்பகுதியையே நாடி வரும். அன்று அதற்கு வேண்டியவை தூய மணலும் இருளும் அமைதியுமே. பொரிப்பகத்தின் தேவையே இல்லாத கடற்கரையை உருவாக்குவதே உண்மையான பாதுகாப்பு.