தோல் பேட்ச் தொப்பி: தீயணைப்பு வீரருக்கு நம் கையால் ஒன்று

யாருக்கு, எதற்கு?

அமெரிக்காவில் 911-ஐ அழைத்தால் முதலில் வந்து நிற்பவர்கள் தீயணைப்பு வீரர்கள், ஆம்புலன்ஸ்காரர்கள், போலீஸார். பணி முடிந்து சீருடையைக் கழற்றியதும் இவர்களில் பலர் விரும்பி அணிவது, நெற்றியில் தோல் பேட்சும் பின்னால் வலையும் வைத்த ட்ரக்கர் கேப். நம் ஊர் தீயணைப்பு நிலையத்துக்குப் பரிசாகத் தர அதையே வீட்டில் செய்து பார்ப்போம்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடலாம்: இது ஓய்வு நேரத் தொப்பி. பின்பக்க வலை செயற்கை இழை; நெருப்பருகே உருகும்.

என்ன வாங்குவது?

தொப்பிக்கு ரிச்சர்ட்சன் நிறுவனத்தின் 112 என்ற மாடல் பலரின் தேர்வு. ஆனால் அதன் நெற்றி நடுவே தையல் ஓடும். புதியவர்களான நமக்கு, நடுத்தையல் இல்லாத ஐந்து துண்டுத் தொப்பி எளிது.

தோலில்தான் கவனம் வேண்டும். மரப்பட்டைச் சாற்றில் பதனிட்ட தோலையே கேட்டு வாங்குவோம். தமிழ்நாட்டில் மரபாக ஆவாரம்பட்டை போட்டுப் பதனிட்டார்களே, அந்த வகை. குரோமியத்தில் பதனிட்ட மெத்தென்ற தோலில், நாம் அடித்துப் பதிக்கப்போகும் முத்திரை எழுத்து சரியாகப் பதியாது. தடிமன் 1.2 முதல் 1.6 மி.மீ. போதும், அதற்கு மேல் போனால் நெற்றி வளைவுக்குப் பணியாது.

எப்படிச் செய்வது?

மூன்றரை அங்குலத்துக்கு இரண்டு அங்குலம் என வெட்டி, மூலைகளை வட்டமாக்கிவிடுவோம். ஈரப் பஞ்சால் தோலைத் துடைத்துவிட்டுக் காத்திருப்போம். கறுத்த தோல் மெல்ல பழைய நிறத்துக்குத் திரும்பத் தொடங்கும். தொட்டால் சில்லென்று இருக்கும். முத்திரையை வைத்துச் சுத்தியால் அடிக்க அதுவே நேரம். அவசரப்பட்டுச் சொதசொத ஈரத்தில் அடித்தால் எழுத்தின் விளிம்பு மழுங்கிவிடும்.

ஈரம் இருக்கும்போதே பேட்சைக் கண்ணாடி ஜாடி மேல் வளைத்துக் கட்டி, இரவு முழுக்கக் காயவிடுவோம். மறுநாள் சாயம், அது காய்ந்ததும் துணியில் நிறம் ஒட்டாத வரை தேய்த்து, மெழுகு பூசலாம்.

பிறகு ஓரத்தில் வரிசையாகத் துளையிட்டு, கொஞ்சம் பசை வைத்து நெற்றியில் நிறுத்தி, மெழுகு நூலால் இரட்டை ஊசித் தையல் போடுவோம். வெறும் பசையை நம்ப வேண்டாம். வியர்வையும் வெயிலும் பட்டால் மூலை தூக்கிக்கொள்ளும்.

எவ்வளவு ஆகும்?

தொப்பி சுமார் 10 டாலர். ஒரு சதுர அடித் தோல் 10 முதல் 15 டாலர் வரை போகலாம். நெருக்கி வெட்டினால் 18 பேட்ச் தேறும். ஆக, ஒரு பேட்சுக்கான தோல் ஒரு டாலருக்குள் அடங்கும். முத்திரை எழுத்து, சுத்தி, ஊசி, சாயம் ஆகியவைதான் முதல் செலவை ஏற்றும். எழுத்தைப் பொறிக்கும் லேசர் இயந்திரம் இப்போதைக்கு வேண்டாம். வைத்திருப்பவரிடம் கூலிக்குக் கொடுக்கலாம். அப்படிக் கொடுக்கும்போது பி.வி.சி. கலந்த போலித்தோலைத் தரவே கூடாது. லேசர் பட்டால் நச்சுப்புகை வரும்.

உஷார்

சின்னங்களை இஷ்டத்துக்கு எடுக்க முடியாது. ஆம்புலன்ஸில் காணும் ஆறு கை நட்சத்திரம் 1977-இலேயே அமெரிக்க நெடுஞ்சாலைப் பாதுகாப்புத் துறையின் பெயரில் பதிவானது. நியூயார்க் தீயணைப்புத் துறையையும் காவல்துறையையும் குறிக்கும் FDNY, NYPD எழுத்துகள் அந்த நகராட்சியின் வணிகக் குறிகள். நம் ஊர் நிலையத்தின் எண்ணையோ சின்னத்தையோ போடுவதானாலும், நேரில் போய் அனுமதி கேட்டுவிடுவோம். பரிசு வாங்க அவர்களுக்கு என்ன விதி என்பதும் அப்போதே தெரிந்துவிடும்.

கொடுக்கும்போது ஒரு சீட்டும் வைப்போம்: வாஷிங் மெஷினில் போடாதீர்கள், வியர்வைப் பட்டையை ஈரத் துணியால் துடைத்தால் போதும்.