மீன் பிடிக்கிறோம், விற்கிறோம், வாழ்கிறோம்: பழவேற்காட்டிலிருந்து ஸ்பானிஷ்

இறால் ஏற்றுமதியில் இந்தியாவுக்கு நேர் போட்டி எக்வடார். நம் கணவாய்க்கு நல்ல மார்க்கெட் ஸ்பெயின். இரண்டு இடத்திலும் பேச்சு ஸ்பானிஷ். லைட்ஹவுஸ் குப்பத்திலோ கோட்டைக்குப்பத்திலோ வளர்ந்து, பொன்னேரியில் டிகிரி முடித்து, சென்னையில் எக்ஸ்போர்ட் ஆபீஸ், பிபிஓ என்று வேலை தேடுகிறீர்களா? இங்கிலீஷ் எல்லோர் ரெஸ்யூமேயிலும் இருக்கிறது. உங்களைத் தனியாகக் காட்ட இன்னொரு மொழி வேண்டும். ஸ்பானிஷ் நிகழ்கால வினை தமிழ் பேசுபவருக்குப் பாதி தெரிந்த சமாச்சாரம். அங்கிருந்து தொடங்குங்கள்.

1. விகுதியைப் பிடியுங்கள். 'பிடிக்கிறேன்' என்றாலே 'நான்' வந்துவிடுகிறது. ஸ்பானிஷும் அப்படித்தான். மீன் பிடிப்பதற்கு 'பெஸ்கார்'. கடைசி 'ஆர்'-ஐக் கழற்றிவிட்டு ஆளுக்கேற்ற விகுதியை ஒட்டுங்கள்: பெஸ்கோ (நான்), பெஸ்காஸ் (நீ), பெஸ்கா (அவன், அவள்), பெஸ்காமோஸ் (நாங்கள்), பெஸ்காயிஸ் (நீங்கள் பலர்), பெஸ்கான் (அவர்கள்). பழவேற்காடு ஏரியில் பாடு முறைப்படி ஒருவர் முறையில் இன்னொருவர் வலை போட முடியாது. விகுதியிலும் அதே கண்டிப்பு. வாக்கியத்துக்கு வாக்கியம் 'யோ' (நான்) போட்டுப் பேசினால், மனசுக்குள் இங்கிலீஷ் ஓடுகிறது என்று கேட்பவர் கண்டுபிடித்துவிடுவார்.

ஒரு இடத்தில் மட்டும் தமிழ் காலை வாரும். 'பெஸ்கான்' என்று கேட்டதும் 'பிடிக்கிறான்' ஞாபகம் வரும். ஆனால் 'பெஸ்கான்' பன்மை. இதை வாய்விட்டுச் சொல்லிப் பழகாமல் இன்டர்வியூவுக்குப் போகாதீர்கள்.

2. பாதி உழைப்பை மிச்சப்படுத்துங்கள். ஒழுங்கான வினைகள் மூன்றே வகை: ஆர், ஏர், ஈர். விற்பது 'வெந்தேர்': வெந்தோ, வெந்தெஸ், வெந்தே, வெந்தேமோஸ், வெந்தேயிஸ், வெந்தென். வாழ்வது 'விவீர்': விவோ, விவெஸ், விவே, விவிமோஸ், விவீஸ், விவென். கூர்ந்து பாருங்கள், ஏர் வகைக்கும் ஈர் வகைக்கும் 'நாங்கள்', 'நீங்கள் பலர்' இரண்டில்தான் வித்தியாசம். எக்வடார், மெக்சிகோ பக்கம்தான் உங்கள் கிளையன்ட் என்றால் அந்தப் பன்மை 'நீங்கள்' வடிவமே வேண்டாம். அங்கே அதைப் பேசுவதில்லை. ஸ்பெயின் கம்பெனி என்றால் கட்டாயம் வேண்டும். எந்த மார்க்கெட் என்று முதலில் முடிவு செய்யுங்கள்.

3. மரியாதையில் கோட்டை விடாதீர்கள். கிளையன்ட்டுக்கு 'உஸ்தேத்' போடுங்கள், நம் 'நீங்கள்' மாதிரி. அதற்கு வரும் வினை 'அவன், அவள்' வடிவம்: 'உஸ்தேத் வெந்தே'. உஸ்தேத் போட்டுவிட்டு 'வெந்தெஸ்' என்று முடிப்பவரை அடுத்த ரவுண்டுக்குக் கூப்பிடுவது கஷ்டம். அவர்களாக 'நீ'க்கு இறங்கினால் பிறகு நீங்களும் இறங்கலாம்.

4. 'நாளைக்கு வர்றேன்' என்கிறோம் இல்லையா? ஸ்பானிஷிலும் நிகழ்காலத்தை வைத்தே நாளைய வேலையைச் சொல்லலாம். எதிர்கால வடிவத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளுங்கள்.

5. சுய அறிமுகத்தை வீட்டிலிருந்தே எடுங்கள். 'மி பாத்ரே பெஸ்கா. மி மாத்ரே வெந்தே பெஸ்காதோ. விவிமோஸ் என் பழவேற்காடு.' அப்பா மீன் பிடிக்கிறார், அம்மா மீன் விற்கிறார், பழவேற்காட்டில் வாழ்கிறோம். மூன்று வகை வினையும் மூன்று வரியில் வந்துவிட்டது. சீஃபுட் கம்பெனி இன்டர்வியூவில் மனப்பாட அறிமுகங்களுக்கு நடுவே இது தனியாக நிற்கும். குப்பத்துப் பிள்ளை என்பதை மறைக்காதீர்கள். அந்தத் தொழிலைக் கண்ணால் பார்த்து வளர்ந்தவர் அந்த அறையில் நீங்கள் மட்டுமாகக்கூட இருக்கலாம்.

பயிற்சிக்கு பொன்னேரி பஸ்ஸும், சென்ட்ரல் போகும் மின்சார ரயிலும் போதும். ஒரு பயணத்துக்கு ஒரு வினை. எழுத வேண்டாம், உதடு அசைய வேண்டும்.

ரெஸ்யூமேயில் 'ஸ்பானிஷ் தெரியும்' என்று எழுதாதீர்கள், லெவலை எழுதுங்கள். செர்வாண்டிஸ் இன்ஸ்டிட்யூட் நடத்தும் டெலே என்ற ஸ்பானிஷ் தேர்வில் ஏ1 முதல் சி2 வரை ஆறு லெவல். நிகழ்கால வினை ஏ1 பாடம். அதை வைத்து வேலை கேட்காதீர்கள், பி2 வரை போங்கள். டெலே சர்ட்டிஃபிகேட்டுக்குக் காலாவதி கிடையாது.