ஐப்பசி மழையை மறக்க வேண்டாம்

கேள்வி: ஆடி கழிந்துவிட்டால் திருவனந்தபுரம் மாவட்டத்து ஒற்றசேகரமங்கலம் பக்கம் மழை ஆபத்து தீர்ந்தது என்று நிம்மதியாக இருக்கலாமா?

பதில்: கூடாது. பக்கத்து அம்பூரியில் மலை சரிந்து ஏறத்தாழ 40 பேர் மாண்டது 2001 நவம்பர் 9 அன்று, ஐப்பசி மழையில். மேற்குத் தொடர்ச்சி மலையின் இந்தத் தெற்கு முனைக்கு இரண்டு பருவமழையும் உண்டு. முதல் மழையில் ஊறிய மண்ணை இரண்டாவது மழை நனைக்கும்போது, பாறைமேல் படிந்த மண் நீரின் கனத்தில் பிடி விட்டு இறங்கிவிடும். சரிவை வெட்டி ரப்பர் வைத்து, ஓடையின் வழியையும் அடைத்தால் நீர் மண்ணுக்குள்ளேயே தேங்கும்.

"எங்கள் தாத்தா காலத்திலிருந்து இங்கே சரிந்ததில்லையே" என்பீர்கள். வீடு கட்ட மண்ணை நேர்குத்தாக வெட்டும் பழக்கம் தாத்தா காலத்தில் இத்தனை இருந்ததா? ஒற்றசேகரமங்கலம் மலை உச்சியில் இல்லை என்பதும் உண்மைதான். ஆனால் தாழ்ந்த நிலத்துக்கு வேறு கவலை உண்டு. நெய்யாறு அணையின் ஷட்டரைத் திறந்தால் கரையோரம் தண்ணீர் ஏறும். அந்த அறிவிப்பைக் கவனியுங்கள். வீட்டுக்குப் பின்னால் மண்ணில் புது வெடிப்பு, சாய்ந்த மரம், திடீரெனக் கலங்கிய ஊற்று கண்டால் விடியட்டும் என்று காத்திருக்காமல் வெளியேறி, பேரிடர் உதவி எண்ணான 1077க்கு அழையுங்கள். வயநாட்டில் 2024 ஜூலை 30 அன்று மலை இறங்கியது ஊர் உறங்கும் நேரத்தில்.