சென்னைக் குப்பை: அடுக்களையிலேயே முடிக்க வேண்டிய வேலை

சென்னையின் குப்பை காலங்காலமாகப் போய்ச் சேர்ந்த இடங்கள் இரண்டு: வடக்கே கொடுங்கையூர், தெற்கே பெருங்குடி. பெருங்குடிக் கிடங்கு பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்திலேயே வளர்ந்தது. 2022 ஏப்ரலில் அது தீப்பற்றி நாள்கணக்கில் புகைந்தது. சோறும் காய்கறியும் காற்றுப் புகாமல் அழுகினால் மீத்தேன் உண்டாகும். அப்புறம் ஒரு பொறி போதும். இந்தக் கிடங்குகளில் குவிந்த பழைய குப்பையைத் தோண்டிச் சலித்து மண், கல், பிளாஸ்டிக் என்று பிரிக்கக் கோடிக்கணக்கில் செலவாகிறது. அடுக்களையில் காலணா செலவில்லாமல் முடிந்திருக்கும் வேலை அது.

செய்ய வேண்டியவை

• மக்கும் குப்பைக்குப் பச்சை வாளி, மக்காததற்கு நீலம். மக்குவதையும் மக்காததையும் பிரிக்க 2016ஆம் ஆண்டு விதிகளே சொல்லிவிட்டன.

• ஈரத்தை வடித்துவிட்டுப் போடுங்கள். இதைத்தான் யாரும் செய்வதில்லை. மிச்ச ரசமும் சாம்பாரும் வாளியில் விழுந்தால் உரக்குழி நாறும். அதையே பேப்பர், அட்டை மேல் ஊற்றினால், கிலோவுக்கு நாலு காசு தேறியிருக்கும் அட்டையைக் காயலான் கடைக்காரர்கூடத் தொடமாட்டார்.

• பால் கவரை அலசிக் காயவைத்துப் பழைய பேப்பர்காரரிடம் கொடுங்கள். வெட்டும்போது மூலைத் துண்டு தனியாக விழக் கூடாது. அந்தத் துணுக்கை எவராலும் பொறுக்க முடியாது; நேரே சாக்கடைக்குத்தான் போகும்.

• நாப்கின், டயப்பரைப் பேப்பரில் சுற்றிச் சிவப்புப் பேனாவால் ஒரு குறி போடுங்கள். உடைந்த கண்ணாடி, பிளேடுக்கும் அப்படியே. பிரித்துப் பார்ப்பது தூய்மைப் பணியாளரின் கை. பல நேரம் உறையில்லாத கை.

• மொட்டை மாடி இருந்தால் ஓட்டை போட்ட பானையில் உரம் போடலாம். காய்கறித் தோலுக்கு மேல் ஒரு பிடி சருகு, கொஞ்சம் புளித்த மோர். நாற்றம் வந்தால் ஈரம் அதிகம், இன்னும் சருகு போடுங்கள்.

• நாளொன்றுக்கு 100 கிலோவுக்கு மேல் குப்பை சேரும் அடுக்குமாடிகள், முடிந்தவரை வளாகத்துக்குள்ளேயே உரமாக்க வேண்டும். சங்கக் கூட்டத்தில் பெயின்ட் நிறத்தைப் பற்றிப் பேசும் நேரத்தில் பாதி போதும், இதை முடிவுசெய்ய.

செய்யக்கூடாதவை

• மக்கும் குப்பையைக் கேரி பேக்கில் முடிச்சுப் போட்டுக் கொடுக்காதீர்கள். ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்கு 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை. முடிச்சு மட்டும் இன்னும் அவிழவில்லை.

• போகிக்கு டயர், பழைய பிளாஸ்டிக் நாற்காலி எரிக்காதீர்கள். கோரைப்பாயும் வறட்டியும் எரிந்த பண்டிகை அது.

• டியூப் லைட், பேட்டரி, காலாவதியான மாத்திரை எதையும் இரண்டு வாளியிலும் போடாதீர்கள். தனிப் பையில் சேர்த்துக் கொடுங்கள்.

• இளநீர் மட்டை, தெர்மாகோலை மழைநீர் வடிகாலில் தள்ளாதீர்கள். டிசம்பரில் தெருவில் தண்ணீர் நின்றால் மாநகராட்சியை மட்டும் திட்டிப் பயனில்லை.

• "எப்படியும் வண்டியில் ஒன்றாகத்தானே கொட்டுகிறார்கள்" என்று பிரிப்பதை விட்டுவிடாதீர்கள். சில தெருக்களில் அப்படி நடக்கத்தான் செய்கிறது. அதற்காகப் பேட்டரி வண்டி ஓட்டிவருபவரிடம் கத்த வேண்டாம். வண்டியில் தடுப்பு வைப்பது அவர் கையில் இல்லை. மாநகராட்சியின் 1913 எண்ணுக்கு அழைத்துப் புகார் எண்ணை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.