மதிப்பெண்ணுக்கு அப்பால்: பல்கலைக்கழக வகுப்பில் கற்றலை அளத்தல்

ஆந்திர மாநிலத்தின் சித்தூர் நகருக்கு அருகே, வரசித்தி விநாயகர் திருக்கோயிலால் பெயர் பெற்றது காணிப்பாக்கம். வழக்குடையோர் இக்கோயிலில் சத்தியம் செய்து உண்மை உரைப்பது நெடுநாளைய மரபு. பல்கலைக்கழகம் வழங்கும் மதிப்பெண் பட்டியலும் ஒருவகைச் சாட்சியமே. மாணவன் என்ன கற்றான், ஆசிரியர் எவ்வளவு கற்பித்தார் என்பதற்கு அதுவே சான்றாகக் கொள்ளப்படுகிறது. அச்சான்று கூறுவது முழு உண்மைதானா என்பது ஆராயத்தக்கது.

1954-ஆம் ஆண்டு திருப்பதியில் வேங்கடேசுவரா பல்கலைக்கழகம் நிறுவப்பட்டது. 1983-இல் மகளிருக்கென பத்மாவதி பல்கலைக்கழகமும், 1997-இல் குப்பத்தில் திராவிடப் பல்கலைக்கழகமும் தோன்றின. இதன் பயனாக, காணிப்பாக்கம் போன்ற சிற்றூர்களின் உழவர் குடும்பத்துப் பிள்ளைகளுக்கும் உயர்கல்வி எட்டும் தொலைவில் வந்தது. தமிழும் தெலுங்கும் கலந்து வழங்கும் பகுதி இது. பள்ளியில் தாய்மொழியில் பயின்று, கல்லூரியில் ஆங்கிலப் பாடநூலை முதன்முதலாக எதிர்கொள்ளும் மாணவர் இங்கு உண்டு. நகரத்து ஆங்கிலப் பள்ளியில் பயின்று வருவோரும் உண்டு. இருவரும் ஒரே நிலையிலிருந்து புறப்படுவதில்லை. இறுதித் தேர்வோ இருவரையும் ஒரே கோலால் அளக்கிறது.

நெடுநாளைய குறை

இக்குறை புதிதன்று. டாக்டர் ராதாகிருஷ்ணன் தலைமையிலான பல்கலைக்கழகக் கல்விக் குழு 1949-இல் அளித்த அறிக்கையில், உயர்கல்வியில் ஒரே ஒரு சீர்திருத்தத்தைத் தெரிவு செய்வதாயின் அது தேர்வுச் சீர்திருத்தமாகவே இருத்தல் வேண்டும் என வலியுறுத்தியது. 1966-இல் கோத்தாரிக் குழுவும் மதிப்பீட்டு முறையில் மாற்றம் வேண்டுமென்றது. 1973-இல் பல்கலைக்கழக மானியக் குழு தேர்வுச் சீர்திருத்தத்துக்கான செயல் திட்டத்தை வெளியிட்டது. அகமதிப்பீடு, வினா வங்கி, தரக்குறியீடு, பருவமுறை ஆகியவை படிப்படியாக நடைமுறைக்கு வந்தன. 2020-ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கையும் தொடர் மதிப்பீட்டை வற்புறுத்துகிறது.

எனினும், அகமதிப்பீடு பல இடங்களில் இறுதித் தேர்வின் சிறு பதிப்பாகவே நின்றுவிட்டது. அது மாணவனுக்கு மதிப்பெண் இடுகிறதேயன்றிக் கற்பிக்கும் முறையைத் திருத்துவதில்லை.

கடந்த தொலைவே அளவு

கற்பித்தலை மதிப்பிட வேண்டுமாயின் மாணவன் சென்றடைந்த இடத்தை மட்டும் பார்த்தல் போதாது. அவன் கடந்த தொலைவையும் காண வேண்டும். இதற்கென எளிய கணக்கு ஒன்று உண்டு. பாடத்தின் தொடக்கத்திலும் முடிவிலும் அடிப்படைக் கருத்துகள் குறித்து ஒரே வினாத்தாளைக் கொடுத்தல் வேண்டும். கூடுதலாகப் பெற்ற மதிப்பெண்ணை, கூடுதலாகப் பெற்றிருக்கக்கூடிய மதிப்பெண்ணால் வகுத்தால் கற்றல் ஈட்டம் கிடைக்கும்.

எடுத்துக்காட்டாக, நகரக் கல்லூரி வகுப்பொன்றின் சராசரி 70-லிருந்து 79-ஆக உயர்ந்தது எனக் கொள்வோம். கூடியது 9, கூடியிருக்கக்கூடியது 30, ஈட்டம் 0.30. கிராமக் கல்லூரி வகுப்பொன்றின் சராசரி 30-லிருந்து 58-ஆயிற்று எனக் கொள்வோம். கூடியது 28, கூடியிருக்கக்கூடியது 70, ஈட்டம் 0.40. இறுதி மதிப்பெண்ணை மட்டும் பார்க்கும் அதிகாரி முதல் கல்லூரியைப் பாராட்டி, இரண்டாவதற்கு விளக்கம் கேட்டுக் கடிதம் அனுப்புவார். ஆனால் கற்றல் மிகுதியாக நிகழ்ந்தது இரண்டாவதிலேயே.

அமெரிக்காவில் ஹேக் என்னும் இயற்பியலாளர் 1998-இல் 62 இயற்பியல் வகுப்புகளைச் சேர்ந்த ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட மாணவரின் முடிவுகளை இம்முறையில் ஒப்பிட்டார். விரிவுரை மட்டும் நிகழ்ந்த வகுப்புகளின் சராசரி ஈட்டம் 0.23, மாணவர் தம்முள் விவாதித்துச் சிக்கல்களுக்கு விடை கண்ட வகுப்புகளில் அது 0.48. அறிவியல், பொறியியல், கணிதப் பாடங்களில் நிகழ்ந்த 225 ஆய்வுகளை 2014-இல் தொகுத்து நோக்கியபோது, விரிவுரை வகுப்புகளில் சுமார் 34 விழுக்காட்டினரும், மாணவர் பங்கேற்ற வகுப்புகளில் சுமார் 22 விழுக்காட்டினரும் தோல்வியுற்றது தெரியவந்தது.

மாணவர் கருத்தும் அதன் எல்லையும்

ஆசிரியரைப் பற்றி மாணவரிடம் கருத்துக் கேட்கும் வழக்கம் இன்று பரவியுள்ளது. வகுப்பு ஒழுங்காக நடைபெறுகிறதா, குரல் கேட்கிறதா, ஐயம் கேட்க இடமுண்டா என்பவற்றை அறிய அது உதவும். கற்றலின் அளவை அது காட்டும் எனக் கொள்ளலாகாது. ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் இயற்பியல் வகுப்புகள் பற்றி 2019-இல் வெளிவந்த ஆய்வில், தாமே முயன்று பயின்ற மாணவர் உண்மையில் அதிகம் கற்றிருந்தனர். ஆனால் குறைவாகவே கற்றதாகக் கருதினர். தெளிந்த விரிவுரை, கற்றுவிட்டோம் என்னும் நிறைவை எளிதில் தந்துவிடுகிறது.

செய்யத்தக்கவை

இதற்குப் பெருஞ்செலவு தேவையில்லை. முதல் வாரத்தில் ஒரு முன்னறித் தேர்வு வைக்கலாம். அதன் வினாக்கள் மாணவன் அறிந்த மொழியிலும் இருத்தல் நன்று. இன்றேல் அளக்கப்படுவது பாட அறிவன்று, ஆங்கில அறிவே. ஒவ்வொரு வகுப்பின் முடிவிலும், விளங்காத ஒன்றைத் துண்டுத்தாளில் எழுதித் தரச் சொல்லலாம். விடைத்தாளைத் திருத்தும்போது வினாவாரியாகத் தவறுகளை எண்ணலாம். 60 பேரில் 45 பேர் ஒரே வினாவில் தவறினால், குறை வினாவிலோ கற்பித்த முறையிலோ உள்ளது. அப்பகுதியை மீண்டும் வேறு வழியில் கற்பித்தல் வேண்டும்.

எச்சரிக்கையும் தேவை. சிறு வகுப்பின் ஒரே பருவத்து எண்ணைக் கொண்டு முடிவு கட்டலாகாது. இந்த எண்ணை ஆசிரியரின் பதவி உயர்வோடு பிணைத்தால், இறுதியில் எளிய வினாக்களை அமைக்கும் ஆசை எழும், அளவுகோலே வளைந்துவிடும். ஆகவே இவ்விவரங்கள் முதற்கண் ஆசிரியரிடமும் அவரது துறையிடமுமே இருத்தல் வேண்டும். தேர்ச்சி விழுக்காட்டைக் கேட்பதோடு நில்லாமல், தொடக்கத்தில் மாணவர் எந்நிலையில் இருந்தனர், எப்பகுதி மீண்டும் கற்பிக்கப்பட்டது என்பவற்றையும் கல்வி அதிகாரிகள் கேட்கலாம்.

தோல்வியுற்ற மாணவன் ஊர் திரும்பும்போது, தனக்குப் படிப்பு வராது என்ற முடிவோடு திரும்புகிறான். அவனுக்கு முன் அக்குடும்பத்தில் கல்லூரி சென்றவர் எவரும் இலராயின், அம்முடிவு அடுத்த தலைமுறையையும் தடுக்கும். அவன் எங்கே தடுமாறினான் என்பதைப் பருவத்தின் மூன்றாம் வாரத்திலேயே கண்டறிந்திருந்தால் அத்தோல்வியைத் தவிர்த்திருக்கலாம். மதிப்பீட்டின் தலையாய பணி அதுவே.