கோடு காயும் முன்

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழை ஓய்ந்தபோது, எண்ணூர் முகத்துவாரத்தை ஒட்டிய தெருக்களில் வெள்ளம் தான் வந்துபோன உயரத்தைச் சுவரிலேயே எழுதிவைத்துவிட்டுப் போனது. மணலியிலிருந்து வந்த எண்ணெய் பக்கிங்காம் கால்வாயிலும் கொசஸ்தலையாற்றிலும் கலந்து, தண்ணீர் நின்ற மட்டத்தில் கறுப்புக் கோடாகப் படிந்தது. அதைப் பார்த்ததும் தேய்த்துக் கழுவத்தான் யாருக்கும் கை போகும். ஒரு பட்டறைக்கோ குடோனுக்கோ பொறுப்பாக இருப்பவர் மட்டும் அரைமணி நேரம் பொறுக்க வேண்டும். டேப்பை வைத்து, தரையிலிருந்து கோடு எத்தனை அங்குலம் என்று தெரியும்படி படம் எடுத்துவிட்டுக் கழுவுங்கள். உங்கள் காப்பீட்டுக் கிளைமின் முதல் சாட்சி அந்தக் கோடுதான்.

ராயபுரத்திலிருந்து திருவொற்றியூர், எண்ணூர் வரை இருக்கும் லேத் பட்டறை, பெயின்ட் குடோன், ஐஸ் பிளான்ட், சரக்கு அனுப்பும் அலுவலகம் எதிலும் காப்பீட்டுக்கென்று தனி ஆள் இருப்பதில்லை. வெள்ளம் வந்த மறுநாள் முதலாளி பாலிசியைக் கணக்குப் பிள்ளையிடமோ ஸ்டோர்ஸ் பொறுப்பாளரிடமோ கொடுத்து, "நீயே பார்த்துக்கப்பா" என்பார். அப்படிக் கையில் வாங்கியவருக்காகத்தான் இதை எழுதுகிறேன். கிளைம் என்பது சேதத்தை மதிப்பிடும் சர்வேயர் வந்த பிறகு பேசிப் பெறுவது என்று பலர் நினைக்கிறார்கள். என் அனுபவத்தில் பாதி முடிவு மழைக்கு முந்தைய தாள்களில் இருக்கிறது. மீதியில் பெரும்பகுதி முதல் இரண்டு நாளில் நீங்கள் செய்வதில் இருக்கிறது.

முதலில் மின்சாரம். தண்ணீர் வடிந்ததும் "ஓடுதா பார்ப்போம்" என்று எந்த மோட்டாரையும் போட்டுப் பார்க்காதீர்கள். உயிருக்கு ஆபத்து என்பது ஒருபுறம். ஈரத்தோடு போட்டு வைண்டிங் கருகினால், அது வெள்ளச் சேதமா, மின்கோளாறா என்ற வழக்கு தொடங்கிவிடும். மின்கோளாறு பெரும்பாலான தீக்காப்பீட்டுப் பாலிசிகளில் விலக்கப்பட்ட இனம். எண்ணூர்ப் பக்கம் வந்த தண்ணீரில் உப்பும் இருக்கும்; நல்ல தண்ணீரில் அலசி, உலர்த்தி, எலக்ட்ரீஷியன் மெக்கர் (மின்காப்பை அளக்கும் கருவி) வைத்துப் பார்த்த அளவை எழுதி வாங்கிய பிறகே சுவிட்ச்.

படம் எடுப்பதிலும் ஒரு ஒழுங்கு வேண்டும். தெரு, பெயர்ப்பலகை, ஷட்டர், உள்ளே முழு அறை, பிறகு ஒவ்வொரு ரேக், கடைசியில் மெஷினின் எண் தகடும் டிரம்மின் பேட்ச் எண்ணும். வெளியிலிருந்து உள்ளே போகும் இந்த வரிசையைப் பார்த்தால், எந்த இடம், எந்தச் சரக்கு என்று அங்கே வராத ஒருவருக்கும் புரியும். வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டோம் என்று மூலப்படத்தை அழித்துவிடாதீர்கள்; அனுப்பிய பிரதியில் படம் எடுத்த நேரம் முதலிய விவரங்கள் உதிர்ந்துவிடும்.

அன்றைக்கே காப்பீட்டுக் கம்பெனிக்குத் தொலைபேசியிலும் மின்னஞ்சலிலும் சொல்லுங்கள். கடன் இருந்தால் வங்கிக்கும் அதே கடிதம். இங்கேதான் ஒரு வார்த்தை பல லட்சம் பேசும். "மழைத்தண்ணீர் உள்ளே வந்துவிட்டது" என்று எழுதினால், ஓட்டைக் கூரையில் ஒழுகியதா, நாள்பட்ட ஈரக்கசிவா என்ற கேள்வி வரும். வெள்ளமும் நீர்சூழ்தலும் காப்பில் உண்டு, தொட்டியோ குழாயோ உடைந்து வழிந்தால் அது தனி இனமாக உண்டு, வருடக்கணக்கில் கசிந்த சுவருக்குக் கிடையாது. ஆகவே கண்ணால் கண்டதை எழுதுங்கள்: "தெருத்தண்ணீர் காலை ஆறு மணியளவில் ஷட்டருக்கு அடியில் புகுந்தது, இரண்டடி உயரம் நின்றது, மறுநாள் மாலை வடிந்தது." தெரியாததை ஊகித்து எழுத வேண்டாம்.

எண்ணெய் கலந்த வெள்ளம் என்றால் இன்னும் கவனம் தேவை. மாசினால் வரும் சேதத்தைப் பாலிசி விலக்குகிறது. அந்த வரியைக் காட்டி யாராவது "எண்ணெய் பட்டதற்கெல்லாம் வராது" என்று சொன்னால், அதே வாக்கியத்தின் பின்பாதியைப் படித்துக் காட்டுங்கள். காப்பில் உள்ள ஒரு நிகழ்வின் விளைவாக வந்த மாசு அந்த விலக்கில் சேராது. வெள்ளம் எண்ணெயைச் சுமந்து வந்து உங்கள் சரக்கில் பூசியது என்றால் வாதத்துக்கு இடம் இருக்கிறது, அதனால் கடிதத்தில் வெள்ளத்தை முதலிலும் எண்ணெயை அடுத்தும் எழுதுங்கள். நடந்த வரிசையும் அதுதானே. மிக்ஜாமுக்குப் பிறகு தமிழக அரசு எண்ணெய்க் கசிவுக்கு 8.68 கோடி ரூபாய் அறிவித்தது: 2,301 மீனவர்களுக்குத் தலா 12,500, 787 படகுகளுக்குத் தலா 10,000, 6,700 குடும்பங்களுக்குத் தலா 7,500. அது நிவாரணம். பாலிசிக் கிளைம் வேறு கணக்கு. ஒன்று வந்ததால் மற்றொன்றைக் கேட்காமல் விட வேண்டியதில்லை.

சர்வேயர் வரும்வரை எதையும் தொடக்கூடாது என்ற நம்பிக்கை குடோன்களில் ஆழமாக இருக்கிறது. இது தவறு. சேதம் மேலும் பெருகாமல் தடுப்பது பாலிசிதாரரின் கடமை. நனைந்தது, அரைகுறையாக நனைந்தது, நனையாதது என்று மூன்றாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் கையெழுத்திட்ட பட்டியல் போடுங்கள். அழுகி நாறும் சரக்கை வைத்திருக்க முடியாது என்றால், மின்னஞ்சலில் அனுமதி கேட்டு, மாதிரி எடுத்து வைத்துவிட்டு அகற்றுங்கள். ஸ்கிராப் எடுப்பவருக்கு மட்டும் அவசரப்பட்டுக் கொடுக்காதீர்கள். மிச்ச மதிப்பைக் கழித்துத்தான் தொகை வரும். போன விலைக்குத் தாள் இல்லையென்றால் சர்வேயர் தனக்குத் தோன்றிய விலையைக் கழிப்பார்.

துறைமுகக் குடோன்களில் வேலை செய்பவர்கள் ஒன்றைப் பார்த்திருக்கலாம். சர்வேயர் நனைந்த மூட்டையின் மேல் சில்வர் நைட்ரேட் சொட்டு விடுவார். வெள்ளையாகத் திரிந்தால் அதில் குளோரைடு, அதாவது உப்பு இருக்கிறது. கப்பலில் கடல்நீர் பட்டதா, குடோனில் மழை பட்டதா என்று பிரிக்க இது பழைய வழி. கண்டெய்னரில் வந்த சரக்கு என்றால் கடல் சரக்குப் பாலிசியா, குடோன் பாலிசியா என்ற கேள்வியே இதில் நிற்கும். அந்தச் சோதனை நடக்கும்போது பக்கத்தில் நின்று, எந்த மூட்டை, என்ன முடிவு என்று குறித்துக்கொள்ளுங்கள்.

வாகனம் அல்லாத கிளைமில் சேதம் 1 லட்சத்தைத் தாண்டினால் உரிமம் பெற்ற சர்வேயர் வர வேண்டும். 2024இல் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் வெளியிட்ட சுற்றறிக்கையின்படி, தகவல் கிடைத்த 24 மணி நேரத்தில் சர்வேயரை அமர்த்த வேண்டும், 15 நாளில் அவர் அறிக்கை தர வேண்டும், அறிக்கை வந்த 7 நாளில் கம்பெனி முடிவு சொல்ல வேண்டும். நாள்காட்டியில் இந்தத் தேதிகளைக் குறித்து வைத்து, தாண்டிய அன்றே பணிவாக ஒரு மின்னஞ்சல் போடுங்கள். சர்வேயர் கேட்ட தாளைக் கொடுக்கும்போது பட்டியல் போட்டு, பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்து வாங்குங்கள்.

இனி கசப்பான இடம். சர்வேயர் மூன்று தாள்களை அருகருகே வைப்பார்: உங்கள் கணக்குப் புத்தகம், ஜி.எஸ்.டி. கணக்கு, மாதாமாதம் வங்கிக்குக் கொடுத்த ஸ்டாக் பட்டியல். கடன் வரம்பு கூடுதலாகக் கிடைக்கட்டும் என்று வங்கிக்கு 90 லட்சம் காட்டி, உண்மையில் 50 லட்சம் சரக்கு வைத்திருந்தால், வெள்ளத்தன்று எதைச் சொன்னாலும் பொய்யாகும். இதைச் சரிசெய்ய எந்தச் சாமர்த்தியமும் கிடையாது. ஒவ்வொரு மாதமும் பட்டியலில் கையெழுத்துப் போடும் நீங்கள்தான் முதலாளியிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டியவர். சொல்வது எளிதல்ல என்று தெரியும். ஆனாலும் சொல்லுங்கள்.

குறைகாப்பீடு என்பது இன்னொரு வெட்டு. 1 கோடி மதிப்புள்ள இடத்தை 60 லட்சத்துக்குக் காப்பீடு செய்திருந்து 20 லட்சம் சேதமானால், விகிதப்படி 12 லட்சம்தான் கணக்கில் வரும். 2021 ஏப்ரல் 1 முதல் நடப்பில் உள்ள பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா (ஓரிடத்தில் 5 கோடி வரை), பாரத் லகு உத்யம் சுரக்ஷா (5 முதல் 50 கோடி வரை) பாலிசிகளில் 15 சதவீதம் வரையிலான குறையைக் கண்டுகொள்வதில்லை. சரக்குக்கு அடக்கவிலைதான், விற்பனை விலை கிடையாது. அழிந்த சரக்குக்கு எடுத்த ஜி.எஸ்.டி. வரிக்கடனைச் சட்டப்படி திருப்பிக் கட்ட வேண்டும். அந்தத் தொகையும் உங்கள் நட்டம் என்பதைத் தனி வரியாகக் காட்டுங்கள்.

தொகை குறைந்து வந்தால் அறிக்கையின் பிரதியைக் கேட்டு வாங்குங்கள். சர்வேயர் அறிக்கையே இறுதி வார்த்தை ஆகாது என்று 2009இல் நியூ இந்தியா அஷ்யூரன்ஸ் - பிரதீப் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. "முழுத் திருப்தியுடன் பெற்றேன்" என்ற சீட்டில் கையெழுத்துப் போட்டாலும் மேலே போகும் உரிமை போய்விடாது என்று ஆணையம் 2015 செப்டம்பரிலேயே கம்பெனிகளுக்கு எழுதியது. இருந்தாலும் கையெழுத்திடும் நாளிலேயே எதிர்ப்பை மின்னஞ்சலில் பதிந்துவிடுங்கள். முதலில் கம்பெனியிடம் எழுத்தில் முறையீடு. ஒரு மாதத்தில் பதில் இல்லையென்றாலோ பதிலில் நிறைவில்லையென்றாலோ சென்னையிலேயே காப்பீட்டு ஆம்பட்ஸ்மேன் அலுவலகம் இருக்கிறது. தனிநபர், தனியுரிமைக் கடை, குறுந்தொழில் ஆகியோர் 50 லட்சம் வரை அங்கே கட்டணமில்லாமல் கேட்கலாம். அங்கே புகார் கொடுப்பதற்கான ஓராண்டுக் கெடுவைத் தவறவிடாதீர்கள்.

இந்த வேலையை ஒருமுறை முழுதாகச் செய்தவருக்கு வேறொரு கதவும் உண்டு. பொறியியல் படித்தவர்களும் கணக்குத் தணிக்கையாளர்களும் பயிற்சியும் தேர்வும் முடித்து சர்வேயர் உரிமம் பெறலாம். பட்டறையின் தரையில் நின்று பழகியவருக்கு நனைந்த மோட்டாரின் விலை மேசையில் இருப்பவரைவிட நன்றாகத் தெரியும். அப்படி ஒருவர் திருவொற்றியூரிலிருந்து வந்தால் இந்தப் பகுதிக்கு நல்லது.

அது இருக்கட்டும். வடகிழக்குப் பருவமழைக்கு முன், செப்டம்பரில் ஒருநாள் ஒதுக்குங்கள். பாலிசியை வங்கியே எடுத்திருந்தால் பிரதி கேளுங்கள். முகவரி பழைய இடமா, புதிதாக வாடகைக்கு எடுத்த இரண்டாவது குடோன் அதில் இருக்கிறதா, பிரீமியத்தைக் குறைக்க யாராவது வெள்ளக்காப்பை நீக்கச் சொல்லியிருக்கிறார்களா என்று பாருங்கள். பிறகு டேப்பை எடுத்துக்கொண்டு குடோனுக்குப் போய், 2023இன் கோடு எங்கே இருந்தது என்று பழைய ஆட்களிடம் கேட்டு, அந்த உயரத்துக்கு மேலே முதல் தட்டை ஏற்றுங்கள். பில் புத்தகங்களையும் கணினியையும் மாடிக்குக் கொண்டுபோங்கள்.