வராத நாளில் வந்த கதிரவன்

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. இயற்பியல்)

கதிரவன் நாளை உதிக்குமா என்று நாம் யாரும் ஐயுறுவதில்லை. ஆனால் வடதுருவப் பகுதியில் குளிர்காலத்தில் பல வாரங்கள் கதிரவன் அடிவானத்திற்கு மேல் வருவதேயில்லை. புவியின் அச்சு 23½ பாகை சாய்ந்திருப்பதே இதற்குக் காரணம். அத்தகைய நீண்ட இரவில், கணக்கிட்ட நாளுக்கு முன்பே கதிரவனைக் கண்டவர்களின் வரலாறு இது.

1596-ஆம் ஆண்டு, வடகடல் வழியாகச் சீனாவுக்குப் பாதை தேடிச் சென்ற டச்சு மாலுமிகளின் கப்பல், நோவயா செம்லியா தீவருகே பனிக்கட்டியில் சிக்கியது. அவ்விடம் வட அட்சம் ஏறத்தாழ 76 பாகை. கரையில் ஒதுங்கிய மரங்களால் வீடு கட்டி அதில் தங்கினர். நவம்பர் தொடக்கத்தில் கதிரவன் மறைந்தது.

1597 ஜனவரி 24 அன்று, கெரிட் டி வீர் என்பவர் வேறு இருவருடன் கடற்கரைக்குச் சென்றார். தெற்கே கதிரவனின் விளிம்பு தெரிந்தது! விரைந்து திரும்பிச் செய்தியைச் சொன்னார்கள். தேர்ந்த மாலுமியான வில்லெம் பாரெண்ட்ஸ் நம்பவில்லை. இன்னும் இரு வாரங்கள் ஆகவேண்டும் என்பது அவர் கணக்கு. பந்தயமும் கட்டினார்கள். அடுத்த இரு நாட்களும் மூடுபனி. 27-ஆம் நாள் வானம் தெளிந்தபோது கதிரவனின் முழுவட்டத்தையும் எல்லோரும் கண்டனர்.

1598-இல் டி வீர் இதை நூலாக வெளியிட்டார். நாட்களைத் தவறாக எண்ணியிருப்பார்கள் என்று ஐயுற்றவர் பலர். ஆனால் 24-ஆம் நாளிரவு நிலவும் வியாழனும் நெருங்கி நின்றதை வானியல் அட்டவணையுடன் அவர்கள் ஒப்பிட்டிருந்தனர். நாட்கணக்கு சரியாகவே இருந்தது.

அப்படியானால் பாரெண்ட்ஸின் கணக்கு தவறா? இல்லை. அன்று நண்பகலிலும் கதிரவன் அடிவானத்திற்குச் சுமார் 5 பாகை கீழேதான் இருந்தது. வளிமண்டல ஒளிவிலகல் சாதாரணமாகக் கதிரவனை அரைப் பாகை அளவே உயர்த்திக் காட்டும். ஆனால் பனிப்பரப்பின் மேல் குளிர்ந்த, அடர்ந்த காற்றும், அதற்கு மேல் சற்று வெப்பமான காற்றும் அடுக்காக அமைந்தால், ஒளி திரும்பத் திரும்பக் கீழ்நோக்கி வளைந்து, புவியின் வளைவை ஒட்டியே நெடுந்தொலைவு வரும். நம்மூர்த் தார்ச்சாலையில் நடுப்பகலில் தோன்றும் கானல் நீருக்கு இது நேர்மாறானது. அங்கே கீழ்க்காற்று சூடாக இருப்பதால் ஒளி மேல்நோக்கி வளைகிறது.

தென்துருவப் பகுதியிலும் இது நிகழ்ந்தது. 1915 மே மாதம், குளிர்காலத்திற்கென மறைந்துவிட்ட கதிரவன் ஒரு வாரம் கழித்து மீண்டும் எழுந்ததை ஷாக்கிள்டன் பதிவு செய்துள்ளார்.

இதைப் படித்தபோது எனக்கு வெட்கமாக இருந்தது. எழுதப் படிக்கத் தெரியாத என் தந்தைக்கு, அச்சில் வந்தது பொய்யாகாது. நானும் அப்படியே வளர்ந்தேன். முதலாண்டில் முப்பட்டகச் சோதனையில் என் விடை புத்தக எண்ணோடு பொருந்தவில்லை. அளவீட்டைத் திருத்தி, பொருந்தும்படி எழுதினேன். என் பிழை எங்கே என்று தேடும் வாய்ப்பை அன்றே இழந்துவிட்டேன்.

டி வீர் தாம் கண்டதைத் திருத்தவில்லை. அதனால்தான் பின்வந்தோர் காரணத்தைத் தேட முடிந்தது. இவ்வாண்டு என் செய்முறைப் பதிவேட்டில் கண்ட எண்ணையே எழுதுகிறேன். பொருந்தாதபோது ஆசிரியரிடம் சென்று கேட்கிறேன்.